மஞ்சள் வைத்த எட்டு ஜிபி

எங்கள் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற ஆண்கள் எல்லோருக்கும் என்னைக் கண்டால் கொஞ்சம் பயம். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டுப் பேர் வேலை செய்கிற சின்னக் கம்பெனி அது. லாரிக்கும் டிராக்டருக்கும் போகிற இரும்புத் துண்டுகளைக் கடைந்து, துளை போட்டு அனுப்புகிறோம். செய்து முடித்த ஒவ்வொன்றும் என் மேஜைக்கு வர வேண்டும். நான் அளந்து பார்த்து, பச்சை மையில் ஒரு கோடு போட்டால்தான் கேட்டைத் தாண்டும். முடியளவு கூடினாலும் திருப்பி அனுப்புவேன். எண்ணெய் துடைக்காமல் கொண்டுவந்தால் கையாலேயே தொட மாட்டேன். "அக்கா மூடு எப்படி இருக்கு?" என்று வாசலிலேயே ஒருத்தரையொருத்தர் விசாரித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

அப்படிப்பட்ட நான் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு பட்ட பாட்டை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்மையில் நான் அளக்கப் படித்தவள் இல்லை. ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தேன். படம் வரைகிற படிப்பு. எங்கள் வீட்டில் எனக்கு முந்தின எல்லோரும் திருமுல்லைவாயிலைச் சுற்றி அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான்தான் முதன்முதலில் பென்சிலைப் பிடித்துச் சம்பாதிக்கப் போகிறேன் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். இந்தக் கம்பெனிக்கும் படம் வரைகிற வேலை கேட்டுத்தான் வந்தேன். அந்த இடத்தில் ஆள் இருக்கிறார், இப்போதைக்கு அளந்து பார் என்றார் முதலாளி. அந்த இப்போதைக்கு பத்தொன்பது வருஷம் ஓடியது. மாடியில் ஒரு சின்ன அறை, அதில் படம் வரைகிற மேஜை. அங்கே போகிற படிக்கட்டு என் மேஜைக்குப் பக்கத்தில்தான் ஏறும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் அளப்பேன். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை மாடியில் இருந்தவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் தன் சொந்த லேப்டாப்பில்தான் வரைந்துகொண்டிருந்தார், அதையும் எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் முதலாளியிடம் நானே போய் நின்றேன். இரண்டு வருஷம் முன்னால் ஆவடியில் ஆறு மாசம் வகுப்புக்குப் போய் கம்ப்யூட்டரில் வரையவும் கற்றுக்கொண்டேன் என்று சொன்னேன். அவருக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு பிராக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். எல்-வடிவத்தில் வளைத்த இரும்பு, அதில் பெரிசும் சிறிசுமாகத் துளைகள். இதை அளந்து படமாக்கித் திங்கட்கிழமை காலையில் கொண்டு வா, சரியாக இருந்தால் மேலே உட்கார், இல்லையென்றால் வெளியே சொல்லிவைத்திருக்கிற ஆள் செவ்வாய்க்கிழமை வந்துவிடுவார் என்றார். கம்பெனி வாங்கிவைத்திருந்த வரைகிற மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். லேப்டாப் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது சார் என்றேன். என் வயதுக்கு இன்னொரு தடவை அந்த மாடிக் கதவு திறக்காது என்று எனக்குத் தெரியும்.

இருந்த லேப்டாப் என் மகளுடையது. பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. அவள் நர்ஸாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் அதில் பழைய பாட்டு போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மெமரி இரண்டு ஜிபி. உள்ளே விண்டோஸ் ஏழு, அதுவும் முப்பத்திரண்டு பிட். வரைகிற மென்பொருளை ஏற்றப் போனால், அறுபத்து நாலு பிட் இருந்தால்தான் வருவேன், எட்டு ஜிபி இருந்தால்தான் ஓடுவேன் என்று முகத்தில் அடித்த மாதிரி எழுதிக் காட்டியது.

என் தம்பி அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். போன் போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தான். எட்டு ஜிபி மெமரி மாட்டினால் மட்டும் போதாதா, எதற்கு எல்லாவற்றையும் அழித்துப் புதுசு போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் கவலை அவர் பாட்டு.

"மாமா, இந்த முப்பத்திரண்டு பிட்டுக்கு நாலுக்கு மேல எண்ணத் தெரியாது," என்றான் தம்பி. "நீ எட்டு போடு, பதினாறு போடு, நாலுன்னுதான் சொல்லிகினு இருக்கும்."

மூன்றாம் வகுப்போடு கணக்கை விட்டவன் மாதிரி என்று சொல்லி நான் சிரித்தேன். ஆனால் அதற்கப்புறம் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. ஏழிலேயே இருக்கலாம், தெரிந்த முகம் என்றார் வீட்டுக்காரர். லினக்ஸ் போடும்மா, பழைய லேப்டாப்புக்கு அதுதான் லேசு, காசும் இல்லை என்று மகள் போனில் சொன்னாள். புதுசாக வந்த பதினொன்று இந்த வயசான மெஷினில் ஏறாது என்றான் தம்பி. பத்து ஏறும், ஆனால் விண்டோஸ் கம்பெனிக்காரர்களே அதைக் கைகழுவிவிட்டார்கள், புதுப் பாதுகாப்பு எதுவும் இனி வராது என்றும் சொன்னான்.

எல்லோரையும் பேசவிட்டு நான் முடிவு சொன்னேன். ஏழு வேண்டாம், நாலுக்கு மேல் எண்ணத் தெரியாதவனை வைத்து என்ன செய்வது? லினக்ஸ் நல்லதாகவே இருக்கட்டும், முதலாளி கொடுத்த மென்பொருள் அதில் ஏறாது. பத்து, அறுபத்து நாலு பிட், அதுதான். பாதுகாப்பு இல்லையென்றால் இன்டர்நெட் பக்கமே போகாமல் இருந்துவிட்டுப் போகிறது. நான் வரையப் போகிறேன், பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன், அதற்கு எவன் வந்து என்ன திருடப் போகிறான்? தம்பி என்னைப் பார்த்து, நீ கடைக்கு வந்து உட்காருக்கா என்றான். அவன் என்னைப் பாராட்டினால் அப்படித்தான் சொல்லுவான். வீட்டுக்காரரின் பாட்டையெல்லாம் ஒரு பென்டிரைவுக்கு மாற்றி, அவர் கையிலேயே கொடுத்தான்.

மெமரி மறுநாள் வந்தது. வெள்ளிக்கிழமை, நல்ல நாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். தம்பி கடை திறப்பதற்கு முன்னால் வந்துவிட்டான். அவன் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, நான் புது மெமரியை உறையிலிருந்து எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் வந்தாலும் மிக்ஸி வந்தாலும் பொட்டு வைக்காமல் சுவிட்சைத் தொட்டதில்லை. வீட்டுக்காரரின் ஆட்டோவுக்கு வைக்கிற பொட்டைப் பார்த்தால் கல்யாணப் பெண் தோற்றுப்போகும். இது பத்தொன்பது வருஷம் காத்திருந்த காரியம், இதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, விரல் நீளத்துக்கு இருந்த அந்த அட்டையின் பின்பக்கம் ஓரமாக ஒரு பொட்டு வைத்தேன். அதன் மேல் துளிக் குங்குமம். கற்பூரம் காட்டித் தம்பி கையில் கொடுத்தேன். அவன் ஒரு நொடி அதையே பார்த்தான். அப்புறம் உள்ளே செருகி மூடினான்.

பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றியது, மூன்று தடவை பீப் என்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றி மறுபடி செருகினான். அதே கத்தல். பழைய இரண்டு ஜிபியைப் போட்டால் லேப்டாப் சமர்த்தாகத் திறந்தது. புதுசைப் போட்டால் கறுப்பு. ஐந்தாறு தடவை இப்படி ஆனதும், இந்த போர்டு எட்டைத் தாங்கவில்லை போலிருக்கிறது, நாலு போட்டுப் பழைய ஏழிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று இழுத்தான். நாலு போட்டு ஏழில் ஓட்டினால் அந்த மென்பொருள் ஏறாது. மென்பொருள் ஏறாவிட்டால் திங்கட்கிழமை நான் வெறும் கையோடு போய் நிற்க வேண்டும். அவன் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதில் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"எனக்கே போலிய கொண்டாந்து மாட்டுறியாடா? கடைக்கு வர்றவங்கள ஏமாத்துற மாதிரி அக்காவையும் ஏமாத்துறியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கடையில் யாரையும் ஏமாற்றியதில்லை. அது எனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டேன். அவன் ஸ்குரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டான். அவனுக்காக இட்லி எடுத்து வைத்திருந்தேன். தட்டைப் பார்க்காமலேயே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். புது மெமரியும், விண்டோஸ் பத்து இருந்த அவன் பென்டிரைவும் மேஜை மேலேயே கிடந்தன. என் வீட்டுக்காரர் அந்த இட்லியைச் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வேலைக்குப் போனேன். யாரும் என் பக்கம் வரவில்லை. மத்தியானம் ஒருவர் ஒரு தட்டு நிறைய துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். அளந்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், எண்ணெயோடு சேர்ந்து இரும்புத் தூள் ஒரு படலமாக ஒட்டியிருக்கிறது. வழக்கம்போலக் கத்தினேன். துடைக்காத பொருளை எப்படி அளப்பது, நடுவில் அழுக்கு இருந்தால் இரும்பும் இரும்பும் எப்படித் தொடும் என்று கேட்டேன். கேட்ட வாய் அப்படியே நின்றுவிட்டது. மஞ்சள் வைத்த என் விரல்தான் ஞாபகம் வந்தது.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் அந்த மெமரியை எடுத்தேன். வேலைக்கு வைத்திருக்கிற லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். அதன் விளிம்பில் பொன் நிறத்தில் பல் வரிசை மாதிரி இருக்கும். லேப்டாப்பின் உள்ளே தொட வேண்டியது அந்தப் பற்கள்தான். என் பொட்டு ஓரத்திலிருந்து வழிந்து, செருகிக் கழற்றியதில் இழுபட்டு, ஏழெட்டுப் பற்களின் மேல் காய்ந்து அப்பியிருந்தது. பொன் மேல் மஞ்சள், வெறும் கண்ணுக்குத் தெரியாது. எத்தனை பேருடைய துண்டுகளை நான் தூக்கி எறிந்திருப்பேன்!

கருவிகளைத் துடைக்கிற ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பென்சில் அழிக்கிற ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். செருகுகிற இடத்தையும் பிரஷால் சுத்தம் செய்தேன். சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டேன், வைத்த பொட்டை அழிக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று. செருகி, மூடி, பட்டனை அமுக்கினேன். பீப் இல்லை. திரை வெளுத்தது. எட்டு என்று காட்டியது, அதாவது உள்ளே எட்டு இருக்கிறது, எனக்கு நாலுக்குத்தான் கணக்கு தெரியும் என்று ஏழு ஒப்புக்கொண்டது.

அப்புறம் தம்பி விட்டுப்போன பென்டிரைவைச் செருகினேன். எது வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கேட்டது, முப்பத்திரண்டா, அறுபத்து நாலா என்று. பழையதை அழித்துவிடுவேன், திரும்ப வராது, சம்மதமா என்றும் கேட்டது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று நன்றாக யோசித்துக்கொள் என்றார். நான் வியாழக்கிழமையே யோசித்துவிட்டேன் என்று சொல்லி அறுபத்து நாலை அமுக்கினேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பத்தும் ஏறியது, வரைகிற மென்பொருளும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து மூன்று மணிக்கெல்லாம் பிராக்கெட்டை வரைந்து முடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, அழகாக வந்திருந்தது. லேப்டாப்பையும் பிராக்கெட்டையும் அளக்கிற வெர்னியரையும் பையில் போட்டுக்கொண்டு திருமுல்லைவாயிலில் ரயில் ஏறினேன். அம்பத்தூர் அடுத்த ஸ்டேஷன்தான். ஆனால் அன்று ரயில் நகரவே இல்லை போலிருந்தது. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை.

கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். தம்பி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். கூட்டம் போகட்டும் என்று காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.

"ஓடுதுடா. தப்பு என்னுது. நான் வெச்ச மஞ்சாதான் அந்தப் பல்லு மேல அப்பிகினு இருந்துச்சி. உன்ன சொன்னது தப்பு," என்றேன், அந்த மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி.

அவன் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"தெரியும்க்கா. வெள்ளிக்கிழமையே பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்துவிட்டு ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கற்பூரம் காட்டிக்கினு நிக்கிறே, அத எப்டி தொடைக்கிறது? தொடச்சி அப்பவும் வரலன்னு வெச்சிக்கோ, பொட்ட அழிச்சதாலதான் வரலன்னு நீயே சொல்லுவே," என்றான். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னான்: "உன்கிட்ட தப்புன்னு யாருக்கா சொல்றது? மாமாவே சொல்ல மாட்டாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவன் மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பயந்து எத்தனை பேர் எத்தனை தப்பை விழுங்கியிருப்பார்கள்! வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவன் டீ சொன்னான்.

லேப்டாப்பைத் திறந்து அவன் பக்கம் திருப்பினேன். தப்பு இருந்தால் சொல்லுடா என்றேன். அவன் சிரித்தான், எனக்கு இன்னாக்கா தெரியும் என்றான். பரவாயில்லை, பார் என்றேன். திரையில் விரலை வைத்து ஏதோ எண்ணினான். மறுபடி முதலிலிருந்து எண்ணினான். என்னை ஒரு தடவை பார்த்தான், சொல்லலாமா வேண்டாமா என்கிற பார்வை.

"துளை ஏழு கீதுக்கா. நம்பர் ஆறுதான் கீது."

உனக்கு என்னடா தெரியும் என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. விழுங்கிவிட்டு எண்ணினேன். ஏழு துளை. ஆறு அளவு. மூலையில் இருந்த சின்னத் துளைக்கு அளவே போடவில்லை. அளவு இல்லாத துளையோடு ஒரு படம் என் மேஜைக்கு வந்திருந்தால் நான் அதைக் கிழித்திருப்பேன். முதலாளியும் அதைத்தான் செய்திருப்பார். பிராக்கெட்டை எடுத்து அவன் கவுன்டரிலேயே வைத்து அளந்தேன். ஆறரை. போட்டேன்.

படத்தின் வலது மூலையில் கீழே ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று இரண்டு பெயர் எழுத வேண்டும். காலையில் இரண்டிலும் என் பெயரையே போட்டிருந்தேன். என்னைச் சரிபார்க்க எவன் இருக்கிறான் என்கிற திமிர்தான். இரண்டாவதை அழித்தேன். தம்பி பெயரைப் போட்டேன். வேண்டாம்க்கா, திட்டப் போறாங்க என்றான். திட்டட்டும் என்றேன்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து மேஜையில் விரித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். பிராக்கெட்டை எடுத்து இரண்டு இடத்தில் அவரே அளந்தார். பேனா தாளில் படவே இல்லை. கடைசியாக வலது மூலைக்கு வந்ததும் நின்றார்.

"சரிபார்த்தது யாரும்மா இது? வெளியே இன்ஜினியர் யார்கிட்டயாவது காட்டினியா?"

வெளியே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கதவு திறந்துதான் இருந்தது.

"என் தம்பி சார். லேப்டாப் ரிப்பேர் பண்றான்," என்றேன். "நான் ஒரு துளைய விட்டுட்டேன் சார். அவன்தான் கண்டுபிடிச்சான்."

அந்தக் கம்பெனிக்குள் என் தப்பை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.  முதலாளி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். மேஜை இழுப்பறையிலிருந்து மாடி அறைச் சாவியை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்த ஆளுக்குப் போன் போட்டார்.